வினை நமக்கு, பெயர் பிறருக்கு

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். முதலாண்டு மாணவர் இருவர் திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்தார்கள். இருவருமே சுழிப்பிழையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஆங்கில வழியில் படித்து வந்தவரைப் பற்றி, "அவசரத்தில் மறந்துவிட்டான்" என்று சக ஆசிரியரிடம் சொன்னேன். மற்றவரைப் பற்றிச் சொன்னது வேறு: "தமிழ் மீடியம் பையன், அப்படித்தான் இருப்பான்." பிழை ஒன்றுதான், வாக்கியம் இரண்டு. நானும் தமிழ் வழியில் படித்தவன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் அறைக்குள் போனதும் அணி மாறிவிட்டேன் போலும்.

மொழியால் ஒரு கூட்டத்தார் மீது பழி ஏறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வசைச்சொற்களையே பட்டியல் போடுகிறார்கள். அது போதாது என்பது என் கருத்து. வசைச்சொல் விழுந்தவுடன் காது விழித்துக்கொள்கிறது. நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு வசைகூட இல்லையே! வேலையைச் செய்தது அதன் இலக்கணம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வட இத்தாலியில் பாலியோ என்ற குதிரைப் பந்தயம் பேட்டைக்குப் பேட்டை போட்டியாக நடைபெறுகிறது. ஆனி மாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இப்பேட்டைவாசிகளிடம் சில கேலிச்சித்திரங்களைக் காட்டினார்கள். சொந்தப் பேட்டைக்காரரோ எதிர்ப் பேட்டைக்காரரோ நல்லதையோ கெட்டதையோ செய்வது போன்ற படங்கள் அவை. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வருணனைகளைத் தந்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த நான்கும் ஓர் ஏணியின் படிகள் போன்றவை. தமிழில் நாமே ஓர் உதாரணம் அமைத்துக்கொள்ளலாம். கீழ்ப்படி, கண்ணால் கண்ட செயல்: "அடித்தான்". அடுத்தது, "துன்புறுத்தினான்". அதற்கும் மேலே, "வெறுக்கிறான்". உச்சியில், "முரடன்". மேலே ஏற ஏற, நடந்த இடமும் நேரமும் உதிர்ந்துபோகின்றன. ஆள் மட்டும் மிஞ்சுகிறான்.

1989-இல் வெளிவந்த முடிவு இதுதான். எதிரணியின் கெட்ட செயலுக்கும் சொந்த அணியின் நல்ல செயலுக்கும் மேற்படிகளை நாடினார்கள். சொந்த அணியின் கெட்டதற்கும் எதிரணியின் நல்லதற்கும் கீழ்ப்படிகளே போதும் என்றிருந்தார்கள். எதிர்ப் பேட்டைக்காரன் உதவி செய்தால் அது அன்றைக்கு நடந்த ஒரு சம்பவம். அடித்தால் அது அவன் குணம். இத்தகைய பேச்சில் எத்தனை நல்ல செயல் வந்து சேர்ந்தாலும் பழைய எண்ணம் அசைவதில்லை.

ஆனால் இந்த ஏணியை அப்படியே தமிழ்ச் சுவரில் சாத்திவிட முடியாது. அவர்கள் உச்சியில் வைத்தது பெயரடையை. நாமோ ஆளைச் சொல்லப் பெயரையே ஆக்கிக்கொள்கிறோம். கோபித்தவன் கோபக்காரன், குடித்தவன் குடிகாரன், நான்கு இட்டிலி கூடத் தின்றவன் சாப்பாட்டு ராமன்! பெயரின் வலிமையைக் காட்ட வேறொரு சோதனை உண்டு. 1999-இல் சூசன் கெல்மன், கெய்ல் ஹேமன் இருவரும் சிறுவர்களிடம் ரோஸ் என்ற எட்டு வயதுச் சிறுமியைப் பற்றிச் சொன்னார்கள். அவளுக்குக் கேரட் என்றால் உயிர். சிலரிடம், "கிடைத்தபோதெல்லாம் கேரட் தின்கிறாள்" என்றார்கள். சிலரிடம், "அவள் ஒரு கேரட் தின்னி" என்றார்கள். பெயரைக் கேட்ட குழந்தைகளே, அவள் எப்போதும் இப்படியே இருப்பாள், யார் தடுத்தாலும் மாறமாட்டாள் என்று அதிகமாக நம்பினார்கள்.

பெயர் ஒருவரைப் பிடிக்கிறது. ஒரு கூட்டத்தையே பிடிக்கத் தமிழில் இன்னும் எளிய வழி இருக்கிறது. அதை வகுப்பில் தினமும் பயன்படுத்துகிறவன் நான். "செம்பு மின்சாரத்தைக் கடத்தும்." இந்த "-உம்" முக்காலத்துக்கும் பொருந்தும். செம்பைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு; தூய செம்பின் ஒரு துண்டு இன்னொரு துண்டைப் போலவே நடந்துகொள்ளும். இதே வடிவத்தில் "அந்தத் தெருப் பையன்கள் பொய் சொல்லுவார்கள்" என்கிறோம். எத்தனை பேரைச் சோதித்தோம்? ஒருவரையோ இருவரையோ. இயற்பியலில் அப்படி ஒரு முடிவை எழுதினால் பூஜ்யம் போடுவேன்.

இவ்வகைப் பொதுவாக்கியங்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எவ்வாறு போகின்றன என்பதையும் மர்ஜரி ரோட்ஸ், சாரா ஜேன் லெஸ்லி குழுவினர் 2012-இல் காட்டினார்கள். "ஸார்ப்பி" என்ற கற்பனைக் கூட்டத்தை உண்டாக்கி, "ஸார்ப்பிகள் இப்படிச் செய்வார்கள்" என்ற நடையில் படக்கதை படித்துக் காட்டினார்கள். "இந்த ஸார்ப்பி இப்படிச் செய்கிறது" என்று கேட்டவர்களைவிட, இவ்வாறு கேட்ட நான்கு வயதுக் குழந்தைகளும் பெரியவர்களும், அக்குணங்கள் பிறவியிலேயே வந்தவை என்று கூடுதலாக நம்பினார்கள். அப்படி நம்பவைக்கப்பட்ட பெற்றோர் பிள்ளையோடு பேசும்போது மேலும் அதிகமாகப் பொதுவாக்கியங்களையே பேசினார்கள். வட்டம் முழுமையாகிவிட்டது அல்லவா?

கற்பனைக் கூட்டத்தோடு போகட்டும் என்று நினைக்காதீர்கள். 1871-இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. திருடுவது ஒருவர் ஒரு நாளில் செய்யும் செயல்; "குற்றப் பரம்பரை" என்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் சூட்டப்பட்ட பெயர். 1911-இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் சேர்ந்த சமூகத்தார் எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும் கைரேகை பதியவேண்டும். இதை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் நீங்கியது. இங்கே அம்மக்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர் மாறியது. ஆனால் பல மாநிலங்களில் "வழக்கமான குற்றவாளி" என்ற இன்னொரு பெயர் சட்டத்தில் ஏறியது. சிறை விதிகளில் இப்பெயர் இம்மக்கள் மீது படிந்திருந்ததை உச்ச நீதிமன்றம் கண்டித்தது 2024 அக்டோபரில்தான்.

ஆய்வுக்கூட மாணவர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் இருவரின் பதிவேட்டிலும் ஒரே வரியை எழுதினேன்: "சுழிப்பிழையைக் கணக்கில் சேர்க்கவில்லை." சக ஆசிரியரிடம் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற முடியவில்லை. பருவத் தேர்வு முடிந்த பிறகும், "உன் தமிழ் மீடியம் பையன் எப்படி இருக்கிறான்?" என்றுதான் அவர் விசாரித்தார்.