அடுத்த வேலை யாருடையது? கிட்ஹப் இஷ்யூஸ் ஒரு மதிப்பீடு

கிட்ஹப்பில் புதிதாக ஒரு ரிப்போவைத் திறந்தால் அதன் இஷ்யூஸ் பகுதியில் ஒன்பது லேபிள்கள் தயாராக இருக்கும். பக், என்ஹான்ஸ்மென்ட், டாகுமென்டேஷன், கொஸ்டின் என்ற நான்கும் வந்திருப்பது என்ன வகை என்று சொல்கின்றன. டூப்ளிகேட், இன்வேலிட், வோன்ட்ஃபிக்ஸ் மூன்றும் தீர்ப்புகள். ஹெல்ப் வான்டட், குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ இரண்டும் ஆள் தேடும் விளம்பரங்கள். மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஒரே பட்டியலில் நிறம் மட்டும் மாறிக் கிடக்கின்றன. ஒரே இஷ்யூவில் பக், இன்வேலிட், ஹெல்ப் வான்டட் மூன்றையும் சேர்த்து ஒட்டினாலும் கிட்ஹப் முகம் சுளிக்காது. இதைச் சுதந்திரம் என்று பாராட்டுவோர் உண்டு. பலர் கூடி எழுதும் மென்பொருளில் அந்தச் சுதந்திரத்துக்கான விலை போகப்போகத்தான் தெரியும்: லேபிள்கள் பெருகிக்கொண்டே போகும், எந்த இஷ்யூ யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துத்தான் அறிய வேண்டியிருக்கும்.

மொசில்லா 1998-இல் வெளியிட்ட பக்ஸில்லா என்ற பிழைப்பதிவு டிராக்கர் இதற்கு நேர் எதிர். நிலை, முடிவு, தீவிரம், முன்னுரிமை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரே விடை. முதன்முறையாகப் புகார் தர வருபவரை அந்தப் படிவம் மிரட்டும் என்பதும் உண்மை. எல்எல்விஎம் 2021 இறுதியில் பக்ஸில்லாவையும், பைத்தான் 2022 ஏப்ரலில் தன் பழைய டிராக்கரான ரவுண்ட்அப்பையும் விட்டுவிட்டு கிட்ஹப்புக்கு வந்தன. கோடும் இஷ்யூவும் ஒரே இடத்தில் இருப்பது சாதாரண வசதியல்ல. கமிட் செய்தியில் ‘ஃபிக்ஸஸ்’ என்று எழுதி எண்ணைக் குறித்துவிட்டால், மாற்றம் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். யாரும் நினைவில் வைத்திருந்து மூட வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் பழைய கட்டங்கள் இல்லை. பைத்தான் ரிப்போவில் இன்று ‘டைப்-பக்’, ‘டைப்-ஃபீச்சர்’ என்று முன்னொட்டு போட்ட லேபிள்கள் நிற்கின்றன. கட்டம் செய்த வேலையை இப்போது பெயரிடும் ஒழுங்கு செய்கிறது.

டிராக்கரை ஒழுங்குபடுத்துவது என்றாலே வகைபிரிப்பது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். குழுவுக்கு அன்றாடம் தேவைப்படும் தகவல் இன்னொன்று: அடுத்து கை வைக்க வேண்டியவர் யார்? ரஸ்ட் மொழியின் ரிப்போவைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ஏ என்று தொடங்கும் லேபிள் மென்பொருளின் எந்தப் பகுதி என்கிறது, டி எந்தக் குழு என்கிறது, பி முன்னுரிமை. உண்மையில் வேலையை நகர்த்துபவை எஸ் என்று தொடங்கும் நிலை லேபிள்கள்தான். புல் ரிக்வெஸ்ட்களில் ஒரு லேபிள் சரிபார்ப்பவருக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும், மற்றொன்று எழுதியவருக்காக. இஷ்யூக்களிலும் இதே சிந்தனை உண்டு. பிழையைக் காட்டும் சிறிய உதாரணம் வேண்டும் என்று ஒரு லேபிள் கேட்டால், பந்து இப்போது யார் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை. ஆனால் கிட்ஹப்பில் புகார் தருபவருக்கு லேபிள் ஒட்டும் உரிமை கிடையாது. டிரையாஜ், அதாவது வந்தவற்றைத் தரம்பிரிக்கும், அனுமதியாவது வேண்டும். ரஸ்ட் குழு இதற்கும் வழி கண்டது. பின்னூட்டத்தில் ரஸ்ட்பாட் என்ற தானியங்கியைக் கூப்பிட்டு யாரும் லேபிள் ஒட்டச் சொல்லலாம். குபர்நெட்டிஸில் புதிய இஷ்யூ எல்லாம் ‘நீட்ஸ்-டிரையாஜ்’ என்ற லேபிளோடுதான் பிறக்கும். ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது விலகும். ஒரு லேபிளைத் தேடிப் பார்க்க ஆள் இருந்தால் அது பயன்படும், இல்லாவிட்டால் வெறும் வண்ணத் துணுக்கு. குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ பிழைத்திருப்பதும் இதனால்தான்: புதிதாக வருபவர்களுக்கு கிட்ஹப்பே அதைத் திரட்டிக் காட்டுகிறது.

மூன்று பேர் நடத்தும் சிறு திட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், முன்னொட்டு எதுவும் அவர்களுக்கு வேண்டாம். ஆனால் ‘தகவல் தேவை’ என்ற ஒரே லேபிளாவது இல்லாவிட்டால், பதில் வராத புகார்களும் தாங்கள் பார்க்காமல் விட்ட புகார்களும் ஒன்றுபோலவே தெரியும். இன்னொரு வாதம், பாட் வைத்துப் பழையவற்றை மூடிவிடலாமே என்பது. கிட்ஹப்பின் ஸ்டேல் ஆக்‌ஷன் மாற்றாமல் விட்டால் 60 நாள் அசைவில்லாத இஷ்யூவை அடையாளமிட்டு, மேலும் 7 நாளில் மூடும். பேச்சு நின்றதற்கும் பிழை போனதற்கும் என்ன தொடர்பு? யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்காமல் மூடினால், குழு தூங்கியதற்குப் புகார் கொடுத்தவர் தண்டனை அனுபவிக்கிறார். புகார்தாரர் பதில் தர வேண்டியவற்றுக்கு மட்டும் அந்த பாட்டை ஏவலாம். அதற்கான செட்டிங் அதிலேயே இருக்கிறது. குபர்நெட்டிஸ் 90, 30, 30 நாள் என்று மூன்று படிகளில் பொறுமையாக மூடுகிறது. அதன் பாட் எல்லாவற்றுக்கும் பதில் தரப் போதிய ஆளில்லை என்று ஒப்புக்கொண்டே மூடுவது கொஞ்சம் நாணயமான செயல்.

கிட்ஹப்பின் இஷ்யூ படிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிப்பு எண், பிழையை வரவழைக்கும் படிகள் இரண்டையும் கட்டாயமாக்கினால் பாதி அலைச்சல் குறையும். அந்தக் கட்டாயம் பொது ரிப்போக்களில் மட்டுமே செல்லும். மைல்ஸ்டோனை வெளியீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஓர் இஷ்யூவுக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

பெரிய குறை ஒன்று மிச்சம்: ஒன்றை ஒட்டினால் அதே வரிசையின் மற்றொன்று தானாக விலகும் லேபிள் கிட்ஹப்பில் இல்லை. கிட்லேபில் அது கட்டணத் திட்டங்களில் உண்டு, ஃபோர்ஜெயோவில் இலவசம். 2025-இல் வந்த இஷ்யூ டைப்ஸ் ஓர் இஷ்யூவுக்கு ஒரு வகை என்று கட்டுப்படுத்தினாலும், அது அமைப்புகளின் கணக்குக்குத்தான். அதுவும் வகையோடு நின்றுவிடுகிறது. புராஜெக்ட்ஸ் பலகையில் நிலைக்கென்று தனிப் புலம் உண்டு, ஆனால் அது அந்தப் பலகைக்குச் சொந்தம். தனிக் கணக்கில் திட்டம் நடத்துபவர்கள் இப்போதைக்கு ஆக்‌ஷன்ஸில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, புது நிலை லேபிள் வந்ததும் பழையதைக் கழற்றவைப்பதுதான் வழி.