யாருக்காக ஜெபிக்கிறோம்?
சிறுவர்க்கு ஜெபத்தையும் அருட்பணியையும் கற்பிக்கும் முறைபற்றி ஒரு திறனாய்வு

சிறுவர்க்கு ஜெபத்தைக் கற்பிப்பது எளிய பணி என்பது நம் திருச்சபைகளில் நிலவும் எண்ணம். பிரசங்கத்தை ஆயர் ஆயத்தம் செய்கிறார். திருவிருந்து ஆராதனையை அவரே நடத்துகிறார். ஞாயிறு பள்ளியோ பெரும்பாலும் அவ்வாண்டு பள்ளிப்படிப்பை முடித்த ஓர் இளம்பெண்ணிடமோ வாலிபனிடமோ ஒப்படைக்கப்படுகிறது. கையில் ஒரு பாடநூல், சில வண்ணப்படங்கள், சில மிஷனெரிக் கதைகள். இவற்றைக்கொண்டு அவர்கள் ஒரு தலைமுறைக்கே ஜெப இறையியலைக் கற்பித்துவிடுகின்றனர். பின்னர் நாம் வேதாகமக் கல்லூரியில் எத்தனை நூல்களைப் படித்தாலும், முழங்காற்படியிடும் வேளையில் நம் நாவில் எழுவது அன்று கற்றதேயாகும். ஆகவே சிறுவர் பாடங்களைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது அற்பமான காரியமன்று.

இத்திறனாய்வை ஓர் ஊரில் நின்று செய்ய விழைகிறோம். தென்பெண்ணையாற்றின் கரையில், திருவண்ணாமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் இடையே அமைந்தது மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். கரும்பு வெட்டும் கூலிமக்களும் ஆலைத் தொழிலாளரும் வாழும் பகுதி. மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நிற்கிறது. நம் ஜெபப் பாடங்களை இவ்வூர்ச் சிறுவன் ஒருவன் கேட்கும்போது அவனுக்கு என்ன கேட்கிறது? இதுவே நம் கேள்வி.

1. மூன்று பாடங்கள்

முதலாவது, பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் முல்லரைப் பற்றிய கதை. 1836இல் அநாதைச் சிறுவர்க்கென இல்லம் திறந்த அவர், தம் தேவையை எவரிடமும் கேளாமல் தேவனிடமே கேட்டார் என்பது நாம் அறிந்தது. ஒருநாள் காலையில் இல்லத்தில் உணவில்லை. வெறும் தட்டுகளின்முன் பிள்ளைகள் அமர்ந்திருக்க அவர் ஸ்தோத்திரம் செலுத்துகிறார். அந்நேரமே ரொட்டிக்காரர் கதவைத் தட்டுகிறார். பால்வண்டியும் வாசலில் பழுதாகி நிற்கிறது. இக்கதையைக் கேளாத ஞாயிறு பள்ளி மாணவர் தமிழ்நாட்டில் அரியர்.

முல்லரின் விசுவாசத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் கதை விட்டுவிடுகிற ஒரு செய்தியுண்டு. முல்லர் ஆண்டுதோறும் தம் இல்லங்களின் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார். தேவன் நடத்திய விதத்தை விவரித்து அவர் எழுதிய நூல் 1837 முதல் வெளிவந்தது. அவற்றை வாசித்த மக்களின் உள்ளத்தைத் தேவன் ஏவினார், அவர்கள் கொடுத்தார்கள். இதைச் சொல்வதால் ஜெபத்தின் மேன்மை குன்றாது. தேவன் மனிதர் வழியாகப் பதிலளிக்கிறார் என்னும் பெரிய உண்மையே விளங்கும். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது கதவைத் தட்டும் ரொட்டிக்காரர் மட்டுமே. ஆலையில் அரைவை நின்ற மாதங்களில் வீட்டில் உலை வைக்க அரிசியில்லாத சிறுவன் இக்கதையைக் கேட்டு ஜெபிக்கிறான். கதவை ஒருவரும் தட்டவில்லை. அவன் எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்றாகும்: தேவன் கேட்கவில்லை, அல்லது தன் ஜெபத்தில் குறையிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவதையே நம்புகின்றனர். பசித்த பிள்ளையின்மேல் குற்றவுணர்வையும் சுமத்தும் பாடத்தைச் சுவிசேஷம் என்று எப்படி அழைப்பது?

இரண்டாவது, ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றியது. 1867இல் வட அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் டோனாவூரில் பணிசெய்து 1951இல் அங்கேயே மரித்தவர் அவர். சிறுமியாயிருந்தபோது நீலக் கண்கள் வேண்டுமென்று ஜெபித்ததாகவும், மறுநாள் கண்ணாடியில் தம் கண்கள் பழுப்பாகவே இருக்கக் கண்டு வருந்தியதாகவும், ‘இல்லை’ என்பதும் ஒரு பதில் என்று பின்பு அறிந்ததாகவும் சொல்லப்படுகிறது. இதுவரை இது நல்ல பாடம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்னும் மயக்கத்தை இது உடைக்கிறது. முல்லர் கதைக்கு ஈடுசெய்யும் மருந்தாகவும் அமைகிறது.

ஆனால் கதை பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. இந்தியாவில் சேலையணிந்து இந்தியப் பெண்போல உலவுவதற்கு உதவவே தேவன் பழுப்பு நிறக் கண்களைத் தந்தார் என்று முடிவு கூறப்படுகிறது. அயர்லாந்துச் சிறுமிக்குச் சொல்லும்போது இம்முடிவு பொருந்தலாம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுமியின் கண்கள் பிறப்பிலேயே கரியவை. அவளுக்கு இக்கதை சொல்வது என்ன? அவளுடைய கண்களைப் போன்றவற்றை மாற்றித் தரும்படி ஒரு பிள்ளை மன்றாடியது. பிறிதொருவர் அவளிடம் வருவதற்கான ஏற்பாடாகவே அக்கண்கள் பயன்பட்டன. கதையைச் சொல்பவர் தமிழர், கேட்பவர் தமிழர். ஆயினும் கதை நிற்கும் இடம் கப்பலின் மேல்தளம். நம் பிள்ளைகளை நாம் அறியாமலே அயலாரின் கண்கொண்டு தம்மைப் பார்க்கப் பழக்குகிறோம்.

மூன்றாவது, உலகப்படத்தை வைத்து நடத்தும் மிஷன் ஜெபப் பாடம். 1990 அளவில் லூயிஸ் புஷ் என்பவரால் பரவலாக்கப்பட்ட ‘10/40 ஜன்னல்’ என்னும் கருத்து நம் சிறுவர் கூட்டங்கள்வரை வந்துள்ளது. வட அட்சரேகை 10 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையிலுள்ள நாடுகளைச் சுவிசேஷம் சென்றடையாத பகுதியெனக் கொண்டு, பிள்ளைகள் படத்தின்மேல் கைவைத்து ஜெபிக்கின்றனர். மூங்கில்துறைப்பட்டோ ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஜன்னலுக்காக ஜெபிக்கும் சிறுவன் ஜன்னலுக்குள்ளேயே நிற்கிறான். ஆனால் அதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. அவனுக்குக் கற்பிக்கப்படுவது ‘அவர்கள்’ என்னும் சொல்: இருளில் இருப்பவர்கள், அறியாதவர்கள், தூரத்தில் உள்ளவர்கள்.

2. மலையும் சமவெளியும்

இந்த ‘அவர்கள்’ நம் பகுதியில் யாரைக் குறிக்கிறது என்பது மறைபொருளன்று. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி இன மக்களுக்காக நம் சிறுவர் கூட்டங்களில் ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. அது நன்றே. ஆனால் அவர்களைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? 1976 வரை அம்மலை ஜாகிர்தாரர் ஆட்சியின்கீழ் இருந்தது என்பது தெரியுமா? நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அம்மக்கள் ஜாகிர் முறையிலிருந்து விடுபட்டனர். சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் பற்றாக்குறை அவர்களுடைய ஆவிக்குரிய இருளின் அடையாளம் அன்று. சமவெளியார் அவர்களுக்குச் செய்யத் தவறியதன் அடையாளம்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். சாராயம் மலையிலிருந்து வருகிறது என்ற பேச்சு அப்போது எங்கும் எழுந்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு வேண்டிய அடிப்படை வசதிகளைப் பற்றி அரசைக் கேட்டது. இங்கு நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. மலைமக்களின் பெயரை ஆண்டுக்கணக்காக ஜெபக்குறிப்பில் வைத்திருந்த நாம், நீதிமன்றம் கேட்ட கேள்வியை ஏன் முன்னமே கேட்கவில்லை? நம் ஜெபம் பொய்யானது என்று கூறோம். அது அறிவில்லாத ஜெபமாயிருந்தது என்றே கூறுவோம். அறியாதவருக்காக ஜெபிக்கலாம், அறிய விரும்பாமல் ஜெபிப்பது தகாது.

அந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வட்டாரத்துச் சிறுவர்க்கு எந்த ஜெபத்தைக் கற்பித்திருக்கவேண்டும்? கேட்டால் கிடைக்கும் என்ற பாடம் அங்கு நாவில் ஏறாது. 13ஆம் சங்கீதமும் 22ஆம் சங்கீதமும் அங்குப் பேசும். தேவனை நோக்கி முறையிடவும், ஏன் என்று கேட்கவும் வேதாகமமே நமக்கு உரிமை தருகிறது. ஆயினும் நம் சிறுவர் பாடநூல்களில் புலம்பல் சங்கீதங்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. துயரம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எண்ணுகிறோம். துயரமோ நம் அனுமதியைக் கேளாமல் அவர்களிடம் வந்துவிடுகிறது.

3. நாமும் ஜெபிக்கப்பட்டவர்கள்

நம் பிள்ளைகள் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. பிராங்கே என்பார் ஜெர்மனியின் ஹாலே நகரில் நடத்திய அநாதை இல்லத்தைச் சார்ந்தே தரங்கம்பாடி மிஷன் வளர்ந்தது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கும் ஹாலேயில் பயின்றவரே. 1710 முதல் தரங்கம்பாடிக் கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. அவற்றை வாசித்தவர்கள் ஜெபித்தார்கள், கொடுத்தார்கள். 1712 முதல் 1714 வரையில் தமிழர்கள் தாமே எழுதிய கடிதங்களும் மொழிபெயர்க்கப்பட்டு அங்கே வெளியாயின. அதாவது, ஜெபிக்கப்பட்டவர்கள் அந்த ஏடுகளில் பேசினார்கள். தம் வழிபாட்டையும் வழக்கங்களையும் தாமே விளக்கினார்கள். அன்றைய மிஷன் பணியில் குறைகள் பல உண்டு. ஆயினும் ஜெபமும் அறிவும் அங்கே கைகோத்துச் சென்றன. பின்னாளில் அதே ஹாலேயில் இறையியல் மாணவராயிருந்து, பிராங்கேயின் இல்லத்தில் தங்கியவர்தாம் ஜார்ஜ் முல்லர். ஆகவே ரொட்டிக்காரர் கதைக்குப் பின்னேயும் தரங்கம்பாடிக் கடிதங்களுக்குப் பின்னேயும் இருப்பது ஒரே ஊற்று. நம் பிள்ளைகளுக்கோ முதலாவதை மட்டும் சொன்னோம்.

தென்னாற்காட்டின் கதையும் இத்தகையதே. 1821இல் டென்மார்க்கில் தோன்றிய டேனிஷ் மிஷனெரி சங்கம் 1860களில் இப்பகுதியில் பணி தொடங்கியது. சாதிபற்றிய கருத்துவேற்றுமையால் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் அதன் முதல் ஊழியர். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் கனி. ஆக, இப்பகுதியின் பெயர் ஒருகாலத்தில் எங்கோ ஒரு குளிர்நாட்டு வீட்டின் ஜெபத்தில் இருந்தது. அவ்வீட்டாருக்கு நாமே ‘அவர்கள்’. இதை அறிந்த பிள்ளை மலைமக்களுக்காக ஜெபிக்கும்போது மேட்டில் நின்று ஜெபிக்காது.

நாம் ஜெபிக்கப்பட்டவர்கள் மட்டுமல்லர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும் 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கப்பெற்றன. விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் ஈடுபட்ட இளைஞரின் ஜெபக்குழுக்களிலிருந்து 1950களின் இறுதியில் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு எழுந்தது. சிறுவர் ஊழியமும் ஜெபமும் அருட்பணியும் ஒன்றாய் இணைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா, மிஷனெரிகளிடம் இந்தியத் திருச்சபைக்காக நட்பையே வேண்டினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர் அயல்நாட்டாரிடம் கேட்டதை இன்று மலைமக்கள் நம்மிடம் கேட்கும் உரிமையுடையவர்கள்.

4. கற்பிக்க வேண்டுவது

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவுள்ளது. சிறுவர்க்குக் கதை வேண்டும். நுணுக்கமான இறையியல் வேண்டா. எளிய நம்பிக்கையை நாம் கெடுத்துவிடலாகாது. இதை மதிக்கிறோம். நம்மில் பலர் இத்தகைய கதைகளால் வளர்ந்தவர்களே. கதைகளை அகற்றும்படி நாம் கேட்கவில்லை. முழுமையாகச் சொல்லும்படி கேட்கிறோம். அதற்கு வேதமே வழிகாட்டுகிறது.

மத்தேயு 9ஆம் அதிகாரத்தின் இறுதியில் அறுவடைக்கு ஆட்களை அனுப்பும்படி வேண்டிக்கொள்ளுமாறு சீடர் கட்டளை பெறுகின்றனர். 10ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அவர்களே அனுப்பப்படுகின்றனர். ஜெபித்தவர் ஜெபத்தின் பதிலாகின்றனர். மிஷன் ஜெபத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரு அதிகாரங்களுக்கு நடுவே பாடத்தை முடித்துவிடலாகாது. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் நாகமானுக்கு வழிகாட்டியவள் சிறைப்பட்ட ஒரு சிறுபெண். அனுப்பப்பட்டவளும் அல்லள், செல்வம் உடையவளும் அல்லள். கரும்புத் தோட்டத்துப் பிள்ளைக்கு அவளைவிடப் பொருத்தமான மிஷனெரி எவர்? கெத்செமனேயில் நம் ஆண்டவரே கேட்டது நீங்காமல் பாத்திரத்தைப் பருகினார். விசுவாசம் குறைந்ததால் பதில் கிடைக்கவில்லை என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதபடி அந்த இரவு நம் வாயை அடைக்கிறது.

லுத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில், தேவனுடைய ராஜ்யம் நம் ஜெபமின்றியே வருவது என்றும், அது நம்மிடத்திலும் வரவேண்டுமென்றே நாம் ஜெபிக்கிறோம் என்றும் விளக்கினார். மிஷன் ஜெபத்துக்கு இதைவிட நல்ல அடிப்படையில்லை. ராஜ்யம் நாம் நெம்பித் தள்ளுவதால் நகர்வதன்று. நம்மிடத்திலும் வரட்டும் என்று ஜெபிப்பவர் மலையை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. தம் தெருவையும், தம் தெரு யாரை விலக்கி வைத்திருக்கிறது என்பதையும் காணவேண்டும்.

கர்த்தருடைய ஜெபம் ‘எங்கள்’ என்ற பன்மையில் அமைந்தது. அந்தச் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று பிள்ளைகளையே எண்ணிச் சொல்லச்செய்வது ஒரு முழு வகுப்புக்குப் போதுமான பாடம். வீட்டார் வருவர், சபையார் வருவர். பக்கத்துத் தெருவார் வருவாரா? மலையிலிருந்து இறங்கி வந்து அதே பள்ளியில், அதே பலகையில் அமர்ந்திருக்கும் தோழன் வருவானா? தோழனின் பெயரை அறிந்து, அவன் வீட்டுநிலை அறிந்து, அவனுக்காக மட்டுமன்றி அவனோடும் சேர்ந்து கேட்கக் கற்ற பிள்ளைக்கு உலகப்படம் பின்னர் காட்டப்படட்டும். அப்போது தூரநாடுகளும் அதன் ஜெபத்தில் உண்மையாய் இடம்பெறும்.

இப்பணியின் பொறுப்பை இளம் ஆசிரியர்மேல் சுமத்தி நாம் விலகிக்கொள்ள இயலாது. ஞாயிறு பள்ளிக்குக் கொடுக்கும் பாடத்தை ஆயரும் இறையியல் மாணவரும் முன்கூட்டி வாசிக்கட்டும். தம் ஊர்ப் பிள்ளையின் செவியால் அதைக் கேட்கட்டும். உலை வைக்காத வீட்டுப் பிள்ளைமுன்னும் கருணாபுரத்துப் பிள்ளைமுன்னும் சொல்லக்கூடிய ஜெபப் பாடமே நம் மற்றப் பிள்ளைகளுக்கும் போதுமானது. அவர்கள்முன் சொல்ல நாம் கூசுகிற பாடத்தை எவருக்கும் கற்பிக்கவேண்டா.