எரியூட்டப்பட்ட பாட்டு

திரித்துவம் பற்றிய வாதங்கள் பாமர மக்களைத் தீண்டாதவை என்பர் சிலர். வரலாற்றை நோக்குமிடத்து அக்கூற்று பொருந்துவதன்று. நான்காம் நூற்றாண்டில், சுதன் பிதாவாற் படைக்கப்பட்டவரே என்று போதித்த அலெக்சாந்திரியாக் குரு ஆரியுஸ், அக்கருத்தைத் ‘தாலெயா’ என்னும் செய்யுளாக யாத்தார். மாலுமிகளும் மாவரைப்போரும் பாடுதற்கும் அவர் பாட்டுக்கள் இயற்றினார் என்பது பழைய வரலாற்றாசிரியர் பிலோஸ்தோர்கியுஸ் தரும் செய்தி.

325இல் பேரரசன் கொன்ஸ்தாந்தீன் கூட்டிய நிசேயாச் சங்கம், சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என வரையறுத்தது. ஆரியுஸ் நாடுகடத்தப்பட்டார். அவர் நூல்களை எரிக்கவும், ஒளித்துவைப்போரைக் கொல்லவும் பேரரசன் பின்னர் ஆணையிட்டான்.

எனினும், இதனை அரசாதிக்கத்தின் கதையென்று மட்டும் கூறியமைதல் எளிய முடிபாகும். நிசேயாக் கொள்கையைக் காத்த அத்தனாசியாரும் ஐந்துமுறை நாடுகடத்தப்பட்டார். கடவுளே மனிதராகாவிடின் மனிதர்க்கு மீட்பில்லை என்ற அவர் வாதம் ஆழமானது. அதனை எள்ளி நகையாடுதல் திறனாய்வாகாது.

ஆயினும், தாலெயாவில் இன்று எஞ்சியுள்ள பகுதிகள் பெரும்பாலும் அத்தனாசியார் மறுத்தற்பொருட்டு எடுத்தாண்டவையே. தோற்றவர் குரலை வென்றவர் ஏட்டிலன்றி நாம் கேட்டற்கில்லை. ஆகவே, ஆரியுஸை மதிப்பிடப் புகுவோர், அவர் கூறியது யாது என்பதையும் அவர் கூறியதாகக் கூறப்பட்டது யாது என்பதையும் முதற்கண் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பாட்டை எரித்தமை, அதன் கருத்தை மறுத்தமையாகாது.