கூட்டல் ஏழும் கோட்டாரும்

ஒரு வரி 'ஆதர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; தொடங்கினால் பின்னால் வரும் பெயரை எடுக்க வேண்டும். சி மொழியில் பழைய பாணியில் எழுதினால் இது இரண்டு வேலை. முதலில் ஒப்பிட வேண்டும், பிறகு பாயின்டரை 7 இடம் நகர்த்த வேண்டும். ஆறு எழுத்து, ஓர் இடைவெளி. நாளை யாராவது சொல்லை மாற்றிவிட்டு 7-ஐ மாற்ற மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது.

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் நிரலில் இத்தகைய எண்கள் பல இடங்களில் கிடந்தன. 2014-இல் ஜெஃப் கிங் அனுப்பிய பேட்ச் வரிசை அவற்றில் பலவற்றைக் களைந்தது. முன்னொட்டைச் சரிபார்ப்பதும் அதைத் தாண்டிப் போவதும் ஒரே ஃபங்ஷனின் பொறுப்பாயின, எண்ணுக்கு வேலையில்லை. வரி குறைந்ததைவிட, ஒரு வகைப் பிழைக்கே இடமில்லாமல் போனதுதான் இதில் பெரிது. எளிமையாக்கம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

2005 முதல் ஜுனியோ ஹமானோ பராமரிக்கும் அந்தத் திட்டத்தில் ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம்தான். ஏன் மாற்றினோம் என்பதையும் எழுதியாக வேண்டும். நாகர்கோவிலில் படிக்கும் மாணவர் அனுப்பினாலும் இதே கேள்விகள்தான். ஊரும் கல்லூரியும் கேட்கப்படாத இந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் எது தேவையற்ற வரி என்று தீர்ப்பது யார்? மதிப்பாய்வாளரின் கண்தான், அந்தக் கண் பழகியது பெரும்பாலும் ஆங்கில உரை. நாகர்கோவிலின் ஒரு பகுதியான 'கோட்டார்' பெயரை ஒரு கோப்புக்கு வையுங்கள். நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் 8 குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 24 பைட்டுகள். கிட் தன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பைட்டையும் சாய்கோடும் மூன்று இலக்கமுமாகக் காட்டும். 'க' மட்டுமே \340\256\225 ஆகிவிடும். முழுப் பெயர் 96 குறிகள். இதற்கும் நியாயம் உண்டு: கோப்புப் பெயரில் புதுவரிக் குறிகூட வரலாம், எந்தக் குறியேற்றம் என்றும் தெரியாது. அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும். ஆனால் மாற்ற வேண்டியவர் நாம்தான்.

இன்னொரு சிக்கல் 'ஓ'கார உயிர்மெய். அதன் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயரைப் பிரித்தே சேமித்தது. அப்போது கோட்டார் 27 பைட்டுகள். கிட்டின் பார்வையில் வேறொரு கோப்பு. 2012-இல் இந்தப் பிரிந்த குறிகளைச் சேர்த்துவைக்கும் நிரல் கிட்டில் வந்தது. ஐரோப்பிய மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகள் பட்ட பாடு நமக்கும் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தோவாளை, விளவங்கோடு, நாகர்கோவில் எனப் பல பெயர்களில் ஓகாரம் வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்கு அது அலங்கார நிரல் அல்ல. ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் வாழ்கிறவருக்கு அது வெறும் பாரம்.

நுட்பமான ஆபத்து இதைவிடச் சிறியது. தமிழ் எழுத்தின் முதல் பைட் 224. நம் மேசைக் கணினிகளில் சி மொழியின் 'சார்' வகை அதை -32 என்று படிக்கும். ஏஆர்எம் லினக்ஸில் 224 என்றே படிக்கும். 'இது இடைவெளியா?' என்று கேட்கும் நூலக ஃபங்ஷனிடம் -32-ஐக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. கிட் தனக்கென ஓர் அட்டவணை வைத்துத் தப்பித்தது. மற்ற திட்டங்களில் இதைக் காப்பது குறியில்லா எண்ணாக மாற்றும் ஒரு சிறு துண்டு நிரல். குப்பை என்று அதை நீக்கினாலும் எல்லாச் சோதனைகளும் தேறும், ஏனெனில் சோதனைத் தரவு முழுக்க ஆங்கிலம்.

எனவே குறை எளிமையாக்கத்தில் இல்லை, அதைச் சரிபார்க்கும் தரவில் இருக்கிறது. நீக்கப்பட்ட வரிக்காக வாதாட நாம் எப்போதும் அங்கே இருக்க முடியாது. சேர்ந்த, பிரிந்த இரண்டு வடிவங்களிலும் கோட்டாரை வைத்து எழுதிய ஒரு சோதனை இருக்கும். கிட்டின் சோதனைகளில் பெரும்பாலானவை ஷெல் ஸ்கிரிப்டுகள். சி தெரியாதவரும் எழுதலாம்.