பதினாறாம் நாளுக்குப் பிறகு

சிதம்பரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால், மறுநாளே கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பழைய சிநேகிதர் பஸ் பிடித்து வந்துவிடுவார். நல்லதுக்கு அழைத்தால்தான் போவது, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போவது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். 'பார்த்துவிட்டு வருவதன்' பெரிய பலம் இது. எழுபது வயதில் உதவி கேட்கக் கூசுகிறவருக்கு, கேட்காமலே ஆள் வந்து நிற்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! கொரோனா காலத்தில் நாலு பேர்கூட வரமுடியாமல் வழியனுப்பிய குடும்பங்களின் மனக்குறை இன்னும் ஆறவில்லை.

வந்தபின் நடப்பதுதான் கவலை தருகிறது. கட்டிலருகே ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடிப் பையும் சேர்கின்றன. படுத்திருப்பவருக்கோ சர்க்கரை வியாதி. "எப்படி ஆச்சு?" என்று ஒவ்வொருவரும் கேட்க, மூச்சு வாங்கியபடி அவர் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இதே வியாதியில் போய்ச்சேர்ந்த மைத்துனரைப் பற்றி ஒருவர் விலாவாரியாகப் பேசுகிறார். பிரியத்தில் குறைவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்க நமக்குப் பழக்கமில்லை.

இதைவிடப் பெரிய குறை நாள்கணக்கில் இருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டால் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், அதோடு வருகை நின்றுவிடுகிறது. துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' சொல்லக்கூடாது. மறுபடி எப்போது வருவோம் என்பதும் சொல்லப்படாமலே போகிறது. நோயாளி வீட்டிலும் இதே கதைதான்; பக்கவாதமும் டயாலிசிஸும் வருடக்கணக்கில் நீள்பவை. புதுச்சேரி ஜிப்மருக்குக் கடலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஓ.பி. வரிசையில் நிற்கத் துணை வேண்டும். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். கணவரை இழந்தவர் இறப்புச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், கருவூலம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று அலைவார். இறந்தவரோடு ஒரே அலுவலகத்தில் கோப்பு பார்த்த நண்பருக்கு இதெல்லாம் அத்துபடி. மாலை வாங்கிவந்த கையோடு அந்தப் பொறுப்பையும் அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் பணியாளர் போனபின் மீதிப் பொழுதைக் கடக்க நண்பர்கள்தான் வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் வலிநிவாரண, ஆதரவு சிகிச்சைச் சங்கம் தொடங்கியது. அதன் வழியே கேரளத்தில் வளர்ந்த அக்கம்பக்கத்தார் அமைப்பில் தொண்டர்கள் வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கினார்கள். நேரம் கொஞ்சம்தான், ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. அண்ணாமலைநகரில் சேர்ந்து நடக்கப்போகும் ஓய்வுபெற்றவர்கள் திங்கள் ஒருவர், வியாழன் ஒருவர் என்று பிரித்துக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

பார்த்துவிட்டு வரும் இந்தப் பழக்கம் பெண்களின் சிநேகிதத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. காலமெல்லாம் பக்கத்து வீட்டில் வாழ்ந்து வேறிடம் போனவள் படுத்துவிட்டால், பார்க்கப்போக மகனின் பைக்குக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அந்தத் தடை ஓரளவு தளர்ந்திருக்கிறது. தளராதது வேறொன்று: கணவனை இழந்தவளை நல்ல காரியத்திலிருந்து ஒதுக்கிவைப்பது. துக்கத்தில் கட்டிப்பிடித்து அழுத தோழியே, தன் பேத்தியின் வளைகாப்பில் அவளை ஓரமாக உட்காரவைக்கிறாள். முன்வரிசைக்குக் கூப்பிட்டு, முதல் வளையலை அவள் கையாலேயே போடச் சொல்ல அந்தத் தோழியால் முடியும். அவள் வீட்டு விசேஷத்தில் அதைத் தடுக்க வேறு யாருக்கும் உரிமையில்லை.