ஊத்தாவுக்கு இடமில்லாத மியூசியம்

கடலோரத்துச் சின்ன மியூசியம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். கட்டுமரம், துடுப்பு, வலை, சங்கு, மேலே 'மீனவர் பாரம்பரியம்' என்று ஒரு பலகை. மரத்தைக் கட்டின கை யாருடையது, கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராய் மீன் விற்ற பெண் யார்? ஒரு வரி இல்லை. பொருள் இருக்கிறது, ஆள் இல்லை.

இந்தப் பார்வை புதிதல்ல. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். ரோமானிய மதுச்சாடியும் இத்தாலிய மண்பாண்டமும் கிடைத்தன. 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று பேர் வைத்தார். அங்கிருந்த ஜனங்களையோ மீன் பிடித்துக்கொண்டு, பெரிய முயற்சி ஏதுமில்லாமல் கிடந்தவர்களாகக் கற்பனை செய்து எழுதினார். கப்பலில் வந்தவன்தான் அவர்களை வரலாற்றுக்குள் கொண்டுவந்தானாம்! 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கே குடியிருப்பு இருந்தது தெரிந்தது. மணி செய்த தொழிலாளியின் கைவேலையும், பானை ஓட்டில் தமிழ் பிராமியில் கீறிய எழுத்தும் அதே மேட்டில் கிடைத்தவைதான்.

முயற்சியில்லாத ஜனங்கள். சேரியைப் பற்றி ஊர் சொல்வதும் இதைத்தானே?

இன்னொன்று. மீன் என்றால் கடல் மட்டும்தானா? பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரி வத்தும் காலத்தில் முழங்கால் சேற்றில் ஊத்தா போட்டவள் எங்க ஆயா. ஊத்தா என்பது மூங்கில் சிம்பில் பின்னிய, அடியில்லாத கூடை. கலங்கல் தண்ணியில் 'சதக்'கென்று குத்தி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டுத் துழாவ வேண்டும். விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும். கை வீங்கிப்போகும். "கூலி நெல்லு வர்றவரைக்கும் இதான் கண்ணு சோறு" என்பாள். ஏரி மீன் குத்தகை ஏலம் போன நாளிலிருந்து அதே கை திருட்டுக் கையாகிவிட்டது.

இது பாரம்பரியம் இல்லையா? பாரம்பரியம் என்று முத்திரை குத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. ஊத்தாவையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் தீர்ந்துவிடாது. பக்கத்தில் ஏலக் கணக்கையும் வைக்க வேண்டும். தண்ணீர் யாருக்கு, மீன் யாருக்கு என்று எழுத வேண்டும். கடல் மீனவர்கள் நமக்கு எதிரிகளல்ல, அவர்களையும் பொம்மையாக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து மாணவர்களே, நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆயா பக்கத்தில் போய் உட்காருங்கள். நம்ம மியூசியம் அங்கிருந்துதான் தொடங்கும்.