தீட்சிதரின் உருப்படிகள் எத்தனை?

முத்துஸ்வாமி தீட்சிதர் மொத்தம் எத்தனை உருப்படி செய்தார்? ஒருவர் 229 என்பார். நானூறுக்கு மேல் என்பார் இன்னொருவர். ஐந்நூறைத் தொடும் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. 229 என்பது 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஸ்வரப்படுத்திக் கொடுத்தவை. மற்ற எண்களெல்லாம் அதற்குப் பிறகு கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தீட்சிதர் கீர்த்தனை மாலை’ போன்ற பதிப்புகளையும், குருகுலங்களில் வாய்வழியாக வந்த பாடாந்தரங்களையும் கூட்டிச் சேர்த்த கணக்கு.

இணையத்தில் தீட்சிதரின் உருப்படிகளை முழுமையாகத் தொகுக்க இறங்குகிறவர் முதல் நாளே இந்த வேறுபாட்டில் இடறி விழுவார். ஆனால் பட்டியல் முடிந்து வெளியே வரும்போது அந்த இடறலின் தழும்பு எங்கும் தெரியாது. என் குறை இதுதான். முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் வந்த நூல். பின்னால் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாகக் கொண்டுவந்தது. அந்தப் பகுதிகளை ஒரே வீட்டில் வரிசையாகப் பார்ப்பது அபூர்வம். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் ஒன்று இரவல் போயிருக்கும். இன்று கச்சேரியில் ஒரு கீர்த்தனை ஆரம்பித்து அனுபல்லவிக்குப் போவதற்குள், பின்வரிசைக் கல்லூரி மாணவி செல்பேசியில் சாகித்தியத்தை எடுத்துவிடுகிறாள். இது சின்ன விஷயமில்லை. ராகம், தாளம், தலம், தெய்வம் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைய முடிகிறது என்பது அச்சுப் புத்தகத்தால் ஆகாத காரியம்.

அதைவிடப் பெரிய லாபம், பட்டியலை வரிசை மாற்றிப் பார்க்கும்போது கிடைக்கிறது. ஒருநாள் எக்ஸெல்லில் நவக்கிரக கீர்த்தனைகளைத் தாளவாரியாக அடுக்கினேன். சூரியனுக்குத் துருவம், சந்திரனுக்கு மட்யம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, குருவுக்குத் திரிபுடை, சுக்கிரனுக்கு அட தாளம், சனிக்கு ஏகம். ஏழு கிழமை, ஏழு கிரகம், சூளாதி ஏழு தாளமும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. மீதி இருந்தவை ராகுவும் கேதுவும். இரண்டுமே மறுபடி ரூபகம். ஏழு முத்தாகக் கோத்த சரத்தில் யாரோ பின்னால் இரண்டு மணியைச் சேர்த்துக் கட்டியது போல. பிரதர்சினியில் இருப்பவையும் அந்த ஏழுதான். ராகுவும் கேதுவும் அங்கே இல்லை. இந்தச் சந்தேகம் அறிஞர்களுக்குப் புதிதல்ல. ஆனால் தாளப் பத்தியில் விரலை வைத்ததும் அது என் கண்முன் வந்து நின்றது.

அதே பட்டியலின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘நவக்கிரக கீர்த்தனைகள்: 9’. ஒன்பதும் ஒரே எழுத்தளவு, ஒரே நிறம். சந்தேகத்தைக் காட்டிக்கொடுத்த கருவியே அதை மூடியும் வைத்திருந்தது.

அச்சுப் பதிப்பில் ஒரு பாட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதே அதற்குச் சாட்சி. பதிப்பாசிரியர் பெயர், ஆண்டு, யாரிடம் பாடம் என்ற முன்னுரை எல்லாம் கூடவே வரும். இணையத்தில் பாட்டு மட்டும் பிய்ந்து வருகிறது. துவிஜாவந்தியில் ‘அகிலாண்டேஸ்வரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி மேடையில் அதற்கு இருக்கும் செல்வாக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரதர்சினியில் அந்த ராகத்துக்குத் தீட்சிதர் கீர்த்தனையாக இருப்பதோ ‘சேத ஸ்ரீ பாலகிருஷ்ணம்’. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிசை; ஒன்றுக்கு 1904லேயே அச்சுச் சாட்சி உண்டு, மற்றதற்கு இல்லை என்பதைச் சொல்ல ஒரு பத்தி கிடையாது.

பிரதர்சினியில் இல்லாததெல்லாம் போலி என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு சோம்பேறித்தனம். சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839இல்; முத்துஸ்வாமி தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து. தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமிக்குப் பேரனாகப் பிறந்து தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர் என்றாலும், அவருக்கும் கேள்விச் சொத்துதான். தனக்குத் தெரிந்த அத்தனையையும் நூலில் போட்டாரா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அவர் மகன் அம்பி தீட்சிதரிடம் டி. கே. பட்டம்மாள் போன்றவர்கள் நேரே பாடம் கேட்டிருக்கிறார்கள். அந்த வழியை யார் தள்ள முடியும்? நான் கேட்பது ஒரே ஒரு பத்தி: முதலில் எங்கே, எந்த ஆண்டு, யார் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது. தீட்சிதரின் ‘குருகுஹ’ முத்திரை இருக்கிறதே என்று சிலர் மடக்குவார்கள். முத்திரை சொத்துப் பத்திரம் அல்ல; சமஸ்கிருதமும் யாப்பும் தெரிந்த எவரும் அதைச் சரணத்தில் வைத்துத் தைக்கலாம்.

மேற்கத்திய இசையில் இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலான பழக்கம் இருக்கிறது. 1862இல் கோகல் மொஸார்ட்டின் படைப்புகளைக் காலவரிசையில் அடுக்கி 626 வரை எண் கொடுத்தார். பின்னால் தேதிகள் திருந்தின. சில படைப்புகளுக்கு இரண்டு எண் சுமக்க வேண்டிவந்தது. 1950இல் பாஹுக்குப் பட்டியல் போட்ட ஷ்மீடர் காலவரிசையே வேண்டாமென்று வகைவாரியாகப் போனார். சந்தேகத்துக்குரியவற்றுக்குப் பின்னிணைப்பு என்று ஒரு இடமும் ஒதுக்கினார். அதிலும் ஓட்டை உண்டு: பாஹ் எழுதியதுதானா என்று சிலர் கேள்வி எழுப்பும் டி மைனர் டொக்காட்டாவுக்கு 565 என்ற முழு மரியாதை எண் இருக்கிறது. தீட்சிதருக்கு இந்த இரண்டு வழியுமே அப்படியே பொருந்தாது. அவர் கையெழுத்துப் பிரதியில் தேதி போட்டு வைத்துவிட்டுப் போகவில்லை.

அடுத்து, பத்திகளின் தொல்லை. ‘ராகம்’ என்று ஒரு கட்டம் போட்டால் பதினான்கு ராகம் கொண்ட ‘ஸ்ரீ விஸ்வநாதம்’ ராகமாலிகையை எப்படித் திணிப்பது? தேவக்கிரியா என்று தீட்சிதர் வழியில் வருவதை இன்று மேடையில் சுத்த சாவேரி என்கிறோம். சாமரத்தைச் சண்முகப்பிரியா என்கிறோம். தொகுப்பவர் ஏதாவது ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். மற்ற பெயரில் தேடுபவருக்கு அந்தப் பாட்டு இல்லாமலே போகிறது. நோட்டுஸ்வரங்களில் சிக்கல் இன்னும் ஆழம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப்பாட்டு. சாகித்தியம் தீட்சிதருடையது, மெட்டு அவருடையது அல்ல. ‘இயற்றியவர்’ என்ற ஒற்றைக் கட்டம் அங்கே அரை உண்மையைத்தான் சொல்கிறது.

தமிழ் எழுத்தில் தேடுகிறவர்களின் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சமஸ்கிருத சாகித்தியத்தைத் தமிழில் அச்சிடும்போது ஒலி வேறுபாட்டுக்காக எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் போடுவது வழக்கம். புத்தகத்தில் அது நல்ல ஏற்பாடு. கணினியில் ‘பாலகோபால’ என்னும் பைரவிக் கீர்த்தனை ‘பா³ல கோ³பால’ என்று ஏறியிருக்கும். நீங்கள் ‘பாலகோபால’ என்று தட்டினால் நடுவில் நிற்கும் அந்த எண் வழிமறிக்கும். முடிவு ஏதுமில்லை என்று திரை கைவிரிக்கும். ‘குருகுஹ’, ‘குருகுக’, ‘கு³ருகு³ஹ’ மூன்றும் அதற்கு மூன்று வேறு ஆட்கள். இதனால் நானும் ஏமாந்திருக்கிறேன்: ஒரே உருப்படி மூன்று எழுத்தமைப்பில் மூன்று வரிசையாக என் தாளில் குடியிருந்தது, மொத்தம் ஏறுகிறதே என்று சில வாரம் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். இரட்டிப்பை நீக்கும் பொத்தானை அழுத்தியபோது அந்த மூன்றும் அசையவில்லை. பாடபேதத்தோடு வேறு வேறு பதிப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு வரிசைகள், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்த பாவத்துக்கு, ஒன்றாகிவிட்டன.

தல வரைபடம் இப்போது எல்லோருக்கும் பிடித்த அலங்காரம். திருவாரூர், காஞ்சி, சிதம்பரம், மாயூரம் என்று புள்ளிகள் மின்னும். பார்க்க அழகுதான். ஒரு தலத்துத் தெய்வத்தைப் பாடிய கீர்த்தனை அந்தத் தலத்தில் நின்று பாடியது என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது என்பதால் எனக்கு அதில் அவ்வளவாக மோகமில்லை.

என் தாளில் இப்போது மொத்த எண் இல்லை. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு ‘முதல் சாட்சி’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். போன மாதம் கச்சேரிக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒரு பெண் நவக்கிரகம் ஒன்பதும் வேண்டுமென்று கேட்டாள். ஒன்பதையும் அனுப்பினேன். எட்டாவது, ஒன்பதாவது வரிசைகளில் மட்டும் அந்தப் பத்தி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று இரவே போன் செய்து கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். கச்சேரியில் ஒன்பதையும்தான் பாடினாள்.